பிள்ளையைக் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போகும் முன்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பகலில் பள்ளிக்கூடத்தில் கவுன்சிலராகவும், சாயங்காலம் ஒரு கிளினிக்கிலும் உட்கார்ந்து பல வருடங்களாகப் பெற்றோர்களோடு பேசிவருகிறேன். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். சிலர் போனில் கேட்பார்கள். சிலர் பிள்ளையை வெளியே உட்காரவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நடுவே வரும் பிள்ளைகளின் வயது, வீட்டு விவரம் எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

கவுன்சிலிங் என்றால் புத்திமதி சொல்வதுதானே? அதைத்தான் நாங்களே தினமும் சொல்கிறோமே?

புத்திமதி சொல்ல வெளியாள் தேவையில்லை. அப்பா, அம்மா, தாத்தா, டியூஷன் சார், மாடி வீட்டு மாமா என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கவுன்சிலிங்கில் பிள்ளை பேசும், பெரியவர் கேட்பார். தன்னைத் திட்டாத, தன்னால் அழாத, தான் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லாத ஒரு பெரியவர் முன்னால் உட்காரும்போது, வீட்டில் சொல்ல முடியாதது வெளியே வரும். எதற்குப் பயம், எதனால் கோபம் என்று தெரிந்த பிறகு, அதைச் சமாளிக்கும் வழிகளைச் சேர்ந்து பழகுவோம். மூச்சுப் பயிற்சியும் உண்டு, தூங்கும் நேரத்தை மாற்றிப் பார்ப்பதும் உண்டு, "வகுப்பில் இப்படிக் கேலி செய்தால் என்ன சொல்வாய்?" என்று நடித்துப் பார்ப்பதும் உண்டு.

தமிழ்நாட்டில் "பையனுக்குக் கவுன்சிலிங்" என்றால் "எந்த காலேஜ் கிடைச்சுது?" என்று கேட்கிறார்கள். பொறியியல் சீட்டுக்கான கலந்தாய்வு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. இலங்கைத் தமிழர்கள் இதை உளவளத்துணை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், துணை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

எப்போது அழைத்துப் போக வேண்டும்? எல்லாப் பிள்ளைகளும்தானே அடம் பிடிக்கின்றன?

அடம், அழுகை, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது, இதெல்லாம் எந்த வீட்டிலும் உண்டு. அதற்காக ஓட வேண்டாம். உங்கள் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், ஆறு மாதத்துக்கு முன்பு இருந்த அதே பிள்ளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசையாகச் சாப்பிட்டவன் தட்டைத் தள்ளுகிறானா, விளையாட ஓடியவள் கட்டிலை விட்டு எழுவதில்லையா, தூக்கம் கெட்டிருக்கிறதா, படுக்கையை நனைப்பது நின்றுபோய் மறுபடி தொடங்கியிருக்கிறதா? இப்படி ஒரு மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, சாப்பாடு, தூக்கம், படிப்பு, சிநேகிதம் ஆகியவற்றில் ஒன்றையாவது பாதித்தால் அழைத்துப் போங்கள். வளர்ந்த பிள்ளை சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மறுத்தால், கையில் தன்னைத்தானே கீறிக்கொண்ட தழும்பு இருக்கலாம். கத்தாமல், மெதுவாகக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளின் மனசு பெரும்பாலும் வயிற்றின் வழியாகத்தான் பேசும். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். காலையில் 7.40-க்கு ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டதும் வயிற்று வலி. ஸ்கேன் எடுத்தாயிற்று, பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, அப்பத்தா மிளகாய் உப்பு சுற்றிப் போட்டாயிற்று. "நடிக்கிறான் மேடம், வேன் போனதும் சரியாயிடுது" என்றார் அப்பா. அவனுடைய நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். கணக்கு நோட்டு ஒழுங்காக இருந்தது. தமிழ் நோட்டில் ஒவ்வொரு பக்கமும் பாதி வரியில் நின்றிருந்தது. கொம்பும் காலும் இடம் மாறியிருந்தன. 'கோடை' என்பது 'கேடை', 'பாடம்' என்பது 'படாம்'. வயிற்று வலி வந்த நாட்களை அம்மா காலண்டரில் குறித்து வைத்திருந்தார். திங்களும் வியாழனும்தான் அதிகம். அந்த இரண்டு நாளும் முதல் பீரியடில் சொல்வதெழுதுதல், முடிந்ததும் மார்க்கைச் சத்தமாக வாசிப்பார்கள்.

அவன் நடிக்கவில்லை, வலி உண்மை. பயந்தால் வயிறு இறுகும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். அவனுக்கு இருந்தது கற்றல் குறைபாடு. புத்திக்குக் குறைவில்லை, எழுத்தை வாசிப்பதிலும் எழுதுவதிலும்தான் சிரமம்.

கவுன்சிலிங் போனால் பைத்தியம் என்று அர்த்தமா? நாளைக்குப் பெண்ணுக்குக் கல்யாணம் பண்ண வேண்டாமா?

அர்த்தமில்லை. வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மனநோய் கிடையாது. தேர்வுப் பயம், பெற்றோரின் சண்டை, பாட்டியின் சாவு, பள்ளி மாறியது, சிநேகிதி பேசாமல் போனது, இவைதான் காரணங்கள். மனநோயாகவே இருந்தாலும் அது ஆஸ்துமா மாதிரி, காக்காய் வலிப்பு மாதிரி வைத்தியம் பார்க்கக்கூடியதுதான். சென்னையில் 1794-இல் தொடங்கி, இப்போது கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. நாம் அந்த ஊர்ப் பெயரையே வசவுச் சொல்லாக ஆக்கிவைத்திருக்கிறோம். வசவாகச் சொல்வதை முதலில் வீட்டுக்குள் நிறுத்துங்கள், பிள்ளையின் காதில் விழும்.

சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் பிள்ளை சிகிச்சைக்கு வந்த விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது.

மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர்: யாரிடம் போவது?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மாத்திரை எழுதும் உரிமை இவருக்குத்தான். மருத்துவ உளவியலாளர் டாக்டர் இல்லை. உளவியலில் முதுகலை முடித்து, அதன் பிறகு மருத்துவமனைப் பயிற்சியோடு எம்.ஃபில். மாதிரியான படிப்பை முடித்தவர். அறிவுத்திறன் சோதனை, கற்றல் குறைபாட்டுச் சோதனை இவரிடம்தான் செய்ய வேண்டும். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

கவுன்சிலர் என்ற பெயரில்தான் கவனமாக இருக்க வேண்டும். முறையாக உளவியலோ சமூகப் பணியோ முதுகலை படித்து, பிள்ளைகளோடு பயிற்சி எடுத்த அருமையான கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் வகுப்புக்குப் போய்விட்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி, எந்த வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள் என்று தைரியமாகக் கேளுங்கள். நல்லவர்களுக்கு அந்தக் கேள்வி கோபத்தைத் தராது. "மூன்றே சிட்டிங்கில் கியாரண்டி" என்றோ, கைரேகையைப் பார்த்து மூளைத் திறனைச் சொல்கிறேன் என்றோ சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால், உங்கள் வழக்கமான குழந்தை மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, ரத்தசோகை, காது, கண் இவற்றில் கோளாறு இல்லை என்று அவர் முதலில் பார்த்துவிடுவது நல்லது. கரும்பலகை தெரியாமல் 'கவனமில்லாதவன்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் உண்டு.

செலவுக்கு என்ன செய்வது?

தனியாரிடம் ஒரு சிட்டிங்குக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், அதற்கு மேலும் ஆகும். வாராவாரம் என்றால் சுமைதான். அதனால் அரசு வழிகளை முதலில் சொல்கிறேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம், இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள், எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பேச்சு வராதது, வளர்ச்சி தாமதம், ஆட்டிசம் சந்தேகம் என்றால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். பெயர் நீளம், ஊழியர்கள் 'டெய்க்' என்பார்கள். பதினெட்டு வயது வரை பார்ப்பார்கள். கடினமான நிலை என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸிலும், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்திலும் பிள்ளைகளுக்கென்றே தனி மனநலப் பிரிவு இருக்கிறது.

போனில் என்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம். பள்ளிப் படிப்பு, தேர்வு சம்பந்தமாக 14417. பிள்ளைக்கு ஆபத்து, அடி, கொடுமை என்றால் 1098. இதைப் பிள்ளைக்கும் மனப்பாடமாகத் தெரியவையுங்கள்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்லி அழைத்துப் போவது?

பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். என் அனுபவத்தில் மிக அதிகமாகக் கெடுதல் செய்வது இதுதான். "பரோட்டா வாங்கித் தரேன் வாடா" என்று வண்டியில் ஏற்றி, கிளினிக் வாசலில் இறக்கிவிடுகிறார்கள். அந்தப் பையன் என் எதிரில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பான். அவனைப் பொறுத்தவரை அப்பாவின் ஏமாற்று வேலையில் நானும் கூட்டு. அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் ஆகிவிடுகிறது.

"இரு, உன்னைக் கவுன்சிலர்கிட்ட சொல்றேன்" என்று மிரட்டவும் வேண்டாம். பூச்சாண்டியிடம் யாரும் மனசு விட்டுப் பேச மாட்டார்கள்.

சண்டை நடந்த ராத்திரியில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். சாதாரணமான ஒரு நேரத்தில், முடிந்தால் நீங்களும் பிள்ளையும் மட்டும் இருக்கும்போது, இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கொஞ்ச நாளா நீ சரியாத் தூங்கலடா. உன்கிட்ட எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியல. இதுக்குன்னே படிச்சவங்க ஒருத்தங்க இருக்காங்க, போய்ப் பாப்போம். மூணு தடவை போவோம். அதுக்கப்புறமும் உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு, வேற ஆளைத் தேடுவோம்." இதில் "எனக்குத் தெரியல" என்ற இடத்தை விட்டுவிடாதீர்கள். குற்றம் தன் மேல் இல்லை என்று பிள்ளைக்குப் புரிவது அங்கேதான்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு "அந்த மிஸ்கிட்ட பொம்மையெல்லாம் இருக்கும், விளையாடிக்கிட்டே பேசுவாங்க, ஊசி கிடையாது" என்று சொன்னால் போதும். ஊசி கிடையாது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

உள்ளே என்னதான் நடக்கும்?

ஒரு சிட்டிங் முக்கால் மணி முதல் ஐம்பது நிமிடம். முதல் நாள் பெரும்பாலும் உங்களோடுதான் பேச்சு. பிரசவம் எப்படி நடந்தது, எப்போது நடந்தான், எப்போது பேசினான், வீட்டில் யார் யார், எப்போதிலிருந்து இந்த மாற்றம் என்றெல்லாம் கேட்போம். மறைக்காமல் சொல்லுங்கள். குடிப்பழக்கம், கடன், கணவன் மனைவி பேசாமலிருப்பது எல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.

அடுத்த முறையிலிருந்து பிள்ளையோடு தனியாக. சின்னவர்கள் வரைவார்கள், களிமண் பிசைவார்கள், பொம்மை வீட்டில் அம்மா பொம்மையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். அதை உடனே 'இதற்கு இதுதான் அர்த்தம்' என்று நாங்கள் முடிவு கட்டுவதில்லை. பார்த்துக்கொண்டே இருப்போம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. என் அறையில் ஒரு பல்லாங்குழிப் பலகை இருக்கிறது, புளியங்கொட்டையோடு. நான்காவது வாரம் அதை எடுத்து நடுவில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, ஆடினோம். குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர், அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். அவளுக்குப் பசு சேர்ந்திருந்தது, எடுக்க மறந்துவிட்டாள். "பசு எடுத்துக்கம்மா" என்றேன். "எங்க அம்மாச்சியும் இப்படித்தான் சொல்லும்" என்றாள். கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அம்மாச்சி இறந்து எட்டு மாதம். பரீட்சை இருந்ததால் அவளைக் கடைசியாக முகம் பார்க்க ஊருக்கு அழைத்துப் போகவில்லை. வீட்டில் எல்லாருமே அதை மறந்துவிட்டிருந்தார்கள்.

அந்த மூன்று வாரக் கட்டணம் வீண் என்று அவள் அப்பா நினைத்திருந்தார். நாலாவது வாரத்துக்கு அந்த மூன்று வாரமும் தேவைப்பட்டது.

அவன் என்ன சொன்னான் என்று எங்களிடம் சொல்வீர்களா? பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

போகிற போக்கைச் சொல்வோம்: பயம் குறைந்திருக்கிறது, தூக்கத்தைக் கவனியுங்கள், வீட்டில் இதை மாற்றுங்கள் என்று. வார்த்தைக்கு வார்த்தை சொல்ல மாட்டோம். சொன்னால் அடுத்த வாரம் பிள்ளை பேசாது. உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று இருந்தால், அதைப் பிள்ளையே உங்களிடம் சொல்வதற்கு உதவி செய்வோம்.

விதிவிலக்குகள் உண்டு, அதை முதல் நாளே பிள்ளையிடமும் சொல்லிவிடுவோம். தன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் உங்களிடம் சொல்வோம். பாலியல் கொடுமை நடந்திருந்தால், 2012-ஆம் வருடப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். "குடும்ப மானம் போயிடும் மேடம், உங்க கால்ல விழறேன்" என்று அம்மாக்கள் அழுதிருக்கிறார்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் என்னால் மறைக்க முடியாது, சட்டத்துக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. அந்த ஆள் அடுத்த தீபாவளிக்கும் வீட்டுக்கு வருவான். பிள்ளையின் பெயரும் படமும் வெளியே வரக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

எத்தனை சிட்டிங்கில் சரியாகும்?

முதல் இரண்டு மூன்று சிட்டிங் புரிந்துகொள்வதற்கே ஆகும். தேர்வுப் பயம் மாதிரி ஒன்று என்றால் ஆறிலிருந்து பத்து வாரத்தில் நல்ல மாற்றம் தெரியலாம். பெரிய இழப்பு, கொடுமை என்றால் மாதங்கள். கற்றல் குறைபாட்டுக்குச் சிறப்பு ஆசிரியரிடம் வருடக் கணக்கில் பயிற்சி வேண்டியிருக்கும், கவுன்சிலிங் அதற்குப் பக்கபலம்தான்.

நடுவில் நிலைமை மோசமானது போலத் தோன்றலாம். இதுவரை அடக்கிவைத்த பிள்ளை வீட்டில் எதிர்த்துப் பேசத் தொடங்கும். அப்போதுதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும் முன் ஒருமுறை வந்து பேசுங்கள். எட்டு, பத்து வாரம் கழித்தும் எந்த அசைவும் இல்லையென்றால், ஆளை மாற்றலாமா என்று கவுன்சிலரிடமே நேராகக் கேட்கலாம்.

அப்படியானால் தப்பு எங்கள் மேலா? நாங்களும் வர வேண்டுமா?

வர வேண்டும். தப்பு யார் மேல் என்று பார்ப்பதற்காக இல்லை. வாரத்தில் என்னிடம் முக்கால் மணி நேரம், மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களோடும் பள்ளியோடும். அந்த நேரம் மாறாமல் என் முக்கால் மணி நேரம் என்ன செய்துவிடும்?

பத்தாம் வகுப்புப் பையனின் அப்பா ஒருவர், ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி, "போனை விடணும் மேடம், அவ்வளவுதான், வேற எதுவும் வேணாம்" என்றார். நேற்று அவனோடு என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "எந்திரிச்சியா, சாப்ட்டியா, படிச்சியா... அதான் கேட்டேன்." அதையும் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே கேட்டிருக்கிறார். மோசமான மனுஷர் இல்லை, மகனுக்காக இரண்டு ஷிப்ட் பார்ப்பவர். ராத்திரி பத்து நிமிடம், படிப்பைப் பற்றியும் போனைப் பற்றியும் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் அவனோடு இருங்கள் என்றேன். மாடியில் செடிக்குத் தண்ணீர் விட அவனையும் கூப்பிட்டுக்கொண்டு போனார். முதல் ஐந்து நாள் இரண்டு பேருமே பேசவில்லையாம், தண்ணீர் மட்டும் விட்டார்களாம். மூன்றாவது வாரம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தன் படத்தை வைத்துக் கேலி செய்கிறார்கள் என்று அவனே சொல்லியிருக்கிறான். போனை அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான், அடுத்து என்ன போடுகிறார்களோ என்று.

தாத்தா பாட்டி இருக்கும் வீடு என்றால் அவர்களையும் ஒருமுறை அழைத்து வாருங்கள். அம்மா ஒன்று சொல்ல, அப்பத்தா ஒன்று சொல்ல, பிள்ளை நடுவில் நிற்கக் கூடாது.

மாத்திரை கொடுப்பார்களா? பழக்கமாகிவிடாதா?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாத்திரை தேவைப்படாது. கடுமையான மனச்சோர்வு, கட்டுக்கடங்காத துறுதுறுப்பு மாதிரியான நிலைகளில் மனநல மருத்துவர் எழுதுவார். என்ன மருந்து, எவ்வளவு நாள், என்ன பக்கவிளைவு என்று கேட்பது உங்கள் உரிமை. நன்றாக இருக்கிறானே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரை என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிக் கொடுக்கவே கூடாது.

கோயிலுக்கு, தர்காவுக்கு அழைத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். வேண்டுதல் உங்களுக்குத் தெம்பு தரும், பிள்ளைக்கும் தரலாம். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கி மனம் தேறியதாகச் சொல்லும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கும்பிட்டுவிட்டு வைத்தியத்தையும் தொடருங்கள். ஆனால் அடிப்பது, சூடு போடுவது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது எதற்கும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்கா ஊரில் மனநோயாளிகள் தங்கியிருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். அவர்களையும் குணமாகட்டும் என்றுதான் யாரோ கொண்டுவந்து விட்டிருப்பார்கள். இப்போது சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

பள்ளியில் சொல்லலாமா?

எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, வகுப்பாசிரியரிடம் தேவையானதை மட்டும் சொல்லுங்கள். வயிற்று வலிப் பையனின் ஆசிரியை, விஷயம் தெரிந்த மறுநாளே மார்க்கைச் சத்தமாக வாசிப்பதை நிறுத்தினார், அவனுக்கு மட்டும் இல்லாமல் வகுப்புக்கே. ஒரு நல்ல ஆசிரியரால் என் பத்து சிட்டிங்கை மிச்சப்படுத்த முடியும்.

கற்றல் குறைபாடு 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு ஓடாதீர்கள், எட்டாவது, ஒன்பதாவதிலேயே விண்ணப்பியுங்கள். பள்ளியில் அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ, 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. உடலை அடிப்பது, மனதைத் துன்புறுத்துவது இரண்டையும்.

"செத்துப்போறேன்" என்று சொல்கிறான். சும்மா மிரட்டுகிறானா?

மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்கிறவர்கள் செய்ய மாட்டார்கள் என்பது தவறு. "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் அழுது, சத்தியம் வாங்கி, சாமி முன்னால் நிறுத்தி அவனை இன்னும் குற்றவாளி ஆக்காதீர்கள். தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள் அல்லது பூட்டுங்கள். அந்த நெருக்கடியான நேரம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணியும், அதுவரை கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும். எதையாவது விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தால், பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயற்சி செய்தவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. ராத்திரி நேரத்தில் பேச 14416 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையமும் இருக்கிறது, 044-24640050.

தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் எனக்குத் தூக்கம் குறைவு. தமிழ்நாட்டில் 2017-இல் பொதுத் தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள், பெரிய ஆறுதல். தோற்றால் அதே வருடம் துணைத் தேர்வு எழுதலாம், வருடம் வீணாகாது. முடிவு வருவதற்கு முந்தின ராத்திரியே இதைப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள்.

ஆன்லைனில் பார்க்கலாமா?

பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பரவாயில்லை, அதுவும் முதல் இரண்டு முறை நேரில் பார்த்த பிறகு. சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. ஆன்லைன் என்றால் தனி அறை கொடுத்து, நீங்கள் கதவுக்கு வெளியே நின்று கேட்காமல் இருக்க வேண்டும்.

முதல் நாள் என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

பழைய மருந்துச் சீட்டுகள், கண் பரிசோதனைச் சீட்டு, இந்த வருடமும் போன வருடமும் எழுதிய நோட்டுகள், ரேங்க் கார்டு. மாற்றம் தெரிந்த நாட்களைக் காலண்டரில் குறித்திருந்தால் அந்தக் காலண்டர். பிள்ளையைப் பசியோடு அழைத்துப் போகாதீர்கள், டியூஷனுக்கும் இதற்கும் நடுவில் அவசரமாகச் செருகவும் வேண்டாம். தம்பி தங்கையை யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள்.

வெளியே வந்ததும் "என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?" என்று வண்டியிலேயே தொடங்காதீர்கள். வழியில் ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுங்கள். அவனாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் நீங்களும் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.